பார்வை நேரம் முடிந்தபின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வலிகாமத்தில் ஒரு சிறிய ஆசுப்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். மின்சாரம் இல்லை. மருந்துகள் கப்பலில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனால் விதிகளுக்கு மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இருக்கவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடித்ததும் உறவினர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவது என் வேலை. அதில் நான் மிகவும் கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்திருந்தேன்.

ஒருநாள் வடமராட்சிக் கரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். பாரிசவாதம். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. கூடவே அவருடைய மனைவி. கணவர் இடது கையை அசைப்பதைப் பார்த்தே தண்ணீர் கேட்கிறார், திரும்பிப் படுக்கக் கேட்கிறார் என்று அந்த அம்மா சொல்லிவிடுவார். மதியம் மணி அடித்தது. "நான் ஒரு மூலையிலை இருக்கிறன் மிஸி" என்றார். முடியாது என்று வெளியே அனுப்பினேன்.

அன்று பின்னேரம் முழுவதும் நோயாளி தன் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே இருந்தார். பசி என்று நினைத்துக் கஞ்சி பருக்கினேன். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வேறு நோயாளிகள் இருந்தார்கள், போய்விட்டேன்.

அடுத்த நாள் மதியம் கதவு திறந்ததும் அந்த அம்மா வந்து, ஒரு தரம்தான் அவருடைய கையைப் பார்த்தார்.

"இவருக்கு மூத்திரம் போகேல்லை, மிஸி."

போர்வையை விலக்கிப் பார்த்தேன். அடிவயிறு கல்லாக வீங்கியிருந்தது. டொக்டர் வந்து குழாய் போட்டார். அதற்குள் காய்ச்சல் தொடங்கிவிட்டது. கிருமிக்குப் போடவேண்டிய ஊசி எங்களிடம் இருக்கவில்லை. நான்காம் நாள் அவர் இறந்தார்.

அந்த அம்மா சத்தம் போட்டு அழவில்லை. உடலை ஏற்றும்போது என்னிடம் வந்து சொன்னார்.

"நான் வாசலிலைதான் நிண்டனான். ஒருக்கால் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அடுத்த கிழமை டொக்டரிடம் போய், ஒவ்வொரு நோயாளியோடும் ஒருவரை நிற்க விடவேண்டும் என்று கேட்டேன். நோயாளர் வாட்டு சந்தையாகிவிடும், தொற்று வரும் என்று மறுத்தார்.

"ஐயா, அவருக்கு என்ன செய்யுது எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் தெரியேல்லை. தெரிஞ்ச ஆளை நான்தான் வெளியிலை விட்டனான்."

டொக்டர் ஒரு மாதம் செய்து பார்ப்போம் என்றார். மேற்பார்வைத் தாதிக்கு என்மேல் மனஸ்தாபம். கூட்டுகிற வேலை கூடிவிட்டதென்று தொழிலாளர்களும் முணுமுணுத்தார்கள். உண்மையில் இரைச்சல் கூடத்தான் செய்தது. ஆனாலும் அந்த மாதம் முடிந்த பிறகு ஒருவரும் மணியை அடிக்கவில்லை. நோயாளியை அனுமதிக்கும்போதே உறவினரை இருத்தி, நோவை இவர் எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார் என்று கேட்டு, கட்டிலில் தொங்கும் நோயாளியின் குறிப்புத் துண்டில் எழுதத் தொடங்கினோம். அப்படியும் மருந்தில்லாமல் பலர் இறந்தார்கள். தனியே கிடந்து இறந்தவர்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டொரு வருடம் கழித்து மருதனார்மடச் சந்தையில் அந்த அம்மாவைக் கண்டேன். கரையில் ஷெல் விழுந்ததால் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ஆசுப்பத்திரியில் நடந்த மாற்றத்தைப் பற்றி நான் சொன்னேன். அதைச் சொன்னால் என் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்திருந்தேன் போல.

அவர் முழுவதையும் கேட்டார்.

"நல்லது பிள்ளை. இனி வாறவைக்கு உதவும்" என்றார்.

பிறகு கத்தரிக்காய் வைத்திருந்தவரிடம் திரும்பி விலை கேட்டார். நான் இன்னும் சற்று நேரம் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.