கைக்குழந்தையும் ஓர் ஆள்

எண்பத்தொன்றாம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்பில் ஒரு குழந்தையை எழுதாமல் விட்டேன். பிறகு அதன் தாயிடம், எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். முதலாவதற்குக் காரணம் சோம்பல். இரண்டாவதற்குக் கோழைத்தனம்.

அப்போது போடியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கணக்கெடுப்பு வேலை எங்கள் தலையில்தான் விழும். குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துச் சரிவில் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த பத்து லயன் வீடுகள் என் பங்காக வந்தன. ஜீப்பை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். அந்த வாரம் ராசிங்காபுரத்தில் மைத்துனன் கல்யாணம். ஜீப் ஸ்டாண்டில் அந்தத் தோட்டத்துக் கங்காணியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"எதுக்கு சார் மேல வந்து மூச்சு வாங்குறீக? ஆளு பூரா ஏங் கைக்குள்ளதான். நாஞ் சொல்றேன், வெரசா எழுதிட்டுக் கல்யாணச் சோத்துக்குப் போங்க" என்று தன் ஆள்நோட்டை விரித்தார்.

"கைப்பிள்ளை யாரும் இருக்கா?"

"கைப்புள்ள ஏலக்கா எடுக்குமா சார்? சோலிக்கு வர்ற ஆளுதான எனக்குக் கணக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறப்பு இறப்பைச் சரிபார்க்க இன்னொரு முறை போக வேண்டும் என்பது விதி. அதற்கும் போகவில்லை.

ஏப்ரலில் ஓர் இளம்பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"லயத்து ஆளுகள எழுதுனது நீங்கதானா சார்? எம்மகன் பேரு அதுல இருக்கா?"

ஆண் குழந்தை. நாற்பத்திரண்டு நாள் இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. கணக்கெடுப்பின்போது உயிரோடுதான் இருந்திருக்கிறது. மலையில் பிறந்த பிள்ளை, எந்த ஆபீசிலும் பதிவில்லை, போட்டோவும் கிடையாது. ஒரு காகிதத்திலாவது அவன் இருக்கிறானா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தாள்.

"எழுதிருக்கேன் தாயி" என்றேன்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிறிய கிறிஸ்தவ சபையில் நான் வேதபாடம் நடத்துவேன். அந்த வாரப் பாடம், பாலைவனத்தில் இஸ்ரவேல் கோத்திரங்களை எண்ணிய கதை. போருக்குப் போகும் ஆண்களை இருபது வயதிலிருந்துதான் எண்ணினார்கள். ஆனால் கடவுளின் கூடாரத்தைக் காக்கும் கோத்திரத்தில் மட்டும் ஒரு மாதத்துக் குழந்தையிலிருந்து எண்ணும்படி கட்டளை. கழுத்து நிற்காத பிள்ளை எதைக் காக்கும்? எத்தனையோ முறை வாசித்தும் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் குழந்தை இன்னும் எதற்கும் உதவாது. ஆனாலும் கடவுளுக்கு உரியது. எண்ணுவதற்கு அது போதும். பிற்காலத்தில் அவர்களுடைய அரசன் ஒருவன், வாள் பிடிக்கும் கைகள் எத்தனை என்று ஆசைப்பட்டு எண்ணினான். அதற்குத் தண்டனையாகத் தேசத்தில் கொள்ளைநோய் வந்தது. கங்காணியின் நோட்டும் அந்த அரசனின் கணக்குதான். அதைப் பார்த்து எழுதியவன் நான். அன்று என்னால் பாடத்தை முடிக்க முடியவில்லை.

மறுநாள் கணக்கெடுப்புத் தாள்களை ஒப்படைத்த ஆபீசுக்குப் போய், விஷயத்தைச் சொல்லி, ஒரு பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "எல்லாம் மேல போயிருச்சு சார். போன பிள்ளைக்கு இப்ப என்னத்துக்கு எடம் புடிக்கிறீக?" என்றார் குமாஸ்தா.

சனிக்கிழமை மலை ஏறினேன். அவள் வாசலில் ஈயப்பானை துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் இங்க வரவே இல்ல தாயி. ஒம் பிள்ளைய எழுதவும் இல்ல. ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

துலக்குவதை அவள் நிறுத்தவில்லை. பானையைத் திருப்பித் தேய்த்தபடியே, "வந்திருந்தா ஒங்க வெரலப் புடிச்சிருப்பான். ஆரு வந்தாலும் புடிப்பான்" என்றாள்.

ஒரு தாளை எடுத்து, பெயரைச் சொல், இப்போதாவது எழுதுகிறேன் என்றேன்.

"இப்ப எழுதி? அது ஒங்க மனசு ஆர்றதுக்கு" என்று பானையோடு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை அந்த லயத்துக்கு ஏறினேன். பிறந்த பிள்ளைகளின் விவரத்தைக் கேட்டு எழுதி வந்து ஆபீசில் பதிய வைத்தேன். மற்ற வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். அவள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

எண்பத்து நாலில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் ஏறிப் போகும்வரை அவள் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றி, தானே போடிக்குத் தூக்கி வந்தாள். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பாமல் ஆபீசுக்குப் போனாள். பதிவு முடிந்ததும், எழுதிய பெயரை உரக்கப் படிக்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எழுந்தாளாம். குமாஸ்தா சொன்னார்.