அக்கா வீட்டில் நின்ற பிள்ளை

அந்த ஜூலை மாதம் நான் வீட்டில் இருந்ததைவிட ஸ்கூட்டரில் இருந்ததுதான் அதிகம். வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது என் வேலை. பள்ளி திறந்தும் வகுப்புக்கு வராதவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு பாறசாலையிலிருந்து கடற்கரை வரை ஏறி இறங்குவேன். அந்த வருடம் ஒரு பெயர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பொழியூர்க்காரி, ஏழாம் வகுப்பு. பட்டியலில் இருந்த விலாசத்தில் வீடே இல்லை, கடல் எடுத்துவிட்டிருந்தது.

நான்காவது தடவை போனபோது யாரோ ஒரு வாடகை வீட்டைக் காட்டினார்கள். பிள்ளையின் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீங்க காரக்கோணத்து டீச்சருக்க தங்கச்சி இல்லியா? அதே முகமாக்கும்.”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்க மோளு அங்கதான நிக்கா! பக்கத்து ஸ்கூல்ல சேத்துப் படிக்க வைக்கேன்னு சொல்லித்தான் டீச்சர் கூட்டிட்டுப் போனாவ. அக்கா உங்ககிட்ட சொல்லேல்லியா?”

சொல்லியிருந்தாள், வேறு மாதிரி. அந்தப் பிள்ளையை நான் அக்கா வீட்டில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். யாரென்று கேட்டதற்கு, “அத்தானுக்க சொந்தத்துல உள்ளவ, லீவுக்கு வந்திருக்கா” என்றாள். அந்தப் பிள்ளை போட்டுத் தந்த சாயாவைக் குடித்தேன். இரண்டாவது தடவை போனது ஜூன் கடைசியில். லீவு முடிந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரெல்லாம் இதைத்தானே தேடி அலைகிறேன்!

பிள்ளையின் அம்மாவிடம், பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த இரண்டு நாள் ஒரு முடிவும் எடுக்கவில்லை. அத்தான் துபாயில், அக்காவுக்கு ஒன்றரை வயதுக் குழந்தை, தனியார் பள்ளியில் வேலை. அவள் கஷ்டம் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பைலைத் திறப்பேன், மூடுவேன். வேறு யார் வீடாக இருந்தாலும் அன்று மாலையே புகார் எழுதியிருப்பேன். நான் செய்யாத வேலையில்லை. இதை மட்டும் கை எழுதவில்லை.

மூன்றாம் நாள் அக்காவிடம் போனேன். அவள் மாணவர்களின் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம்.

“அந்தப் பிள்ள ஸ்கூலுக்குப் போகுதா அக்கா?”

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. “அடுத்த வருசம் சேக்கலாம்னு இருக்கேன். இப்ப மோனு சின்னவன் இல்லியா?”

“அவளும் சின்னவதான்.”

“எட்டி, அவ இங்க மூணு நேரமும் திங்கா. நல்ல உடுப்பு உடுக்கா. அங்க கடல் எப்ப வீட்ட எடுக்கும்னு பயந்துட்டுக் கிடக்கணும். நான் செய்யது பாவமா?”

“நாளைக்கே அவள நீயே வீட்டுல கொண்டு விட்டு, ஸ்கூல்ல சேத்திரு. இல்லேன்னா நான் எழுதிக் குடுக்கணும்.”

“எனக்க மேலயா?” என்றாள். “குடு. பிறவு இந்தப் படி ஏறாத.”

நாளை போய், மறுநாளும் போயிற்று. நான் எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரிகளோடு நானும் போனேன். ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிள்ளை அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீப்பில் ஏறச் சொன்னபோது அவள் என்னிடம்தான் கேட்டாள்: “மோனுக்குப் பால் யாரு கலக்குவா?” குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது.

சில நாள் காப்பகம், விசாரணை, பிறகு அம்மாவிடம். பழைய பள்ளியிலேயே ஏழாம் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். எனக்கு அத்துடன் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு சாக்கில் பள்ளி வழியாகப் போய் வகுப்பறையை எட்டிப் பார்ப்பேன். அவள் இருந்தால் திரும்பும்போது வண்டி கொஞ்சம் மெதுவாக ஓடும்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் அவள் இடம் காலி. காலையில் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாள் என்றார் அம்மா. கடற்கரை, பஸ் ஸ்டாப்பு, திருப்புறம் வழியாக நெய்யாற்றின்கரை வரை எங்கும் ஓடினேன். யாரோ புதிதாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். பதினொரு மணிக்கு போன் வந்தது. அக்கா. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

“அந்தப் பிள்ள இங்க வந்து நிக்கா. வந்து கூட்டிட்டுப் போ. நான் ஒரு வேலையும் சொல்லேல்ல.”

போனபோது பிள்ளை யூனிபார்முடன் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. பக்கத்தில் சாப்பிட்ட தட்டு. அதைக் கழுவ அக்கா எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் வண்டியில் பின்னால் இருந்தபடி பிள்ளை சொன்னாள். என்னையும் அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். “கிளாஸ்ல எல்லாரும் வேலக்காரின்னு விளிக்கினும் டீச்சர். நான் எழுதி முடிக்கதுக்குள்ள போர்ட அழிச்சிருவாவ. மோனு என்னக் கண்டா சிரிப்பான்.”

வண்டியை ஓரம் நிறுத்தினேன். அவளைப் பள்ளியில் கொண்டு விட்டதோடு என் வேலை முடிந்ததென்று காகிதத்தில் எழுதியிருந்தேன். அன்று மதியமே வகுப்பு ஆசிரியையிடம் போனேன். அவர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார். கேலி செய்த இருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் அரைமணி நேரம் உடன் உட்கார்ந்து எழுத வைத்தார். ஒரே நாளில் ஒன்றும் சரியாகவில்லை. ஓணப் பரீட்சையில் இரண்டு பாடம் தோற்றாள். கிறிஸ்துமஸ் பரீட்சையில் ஒன்று. ஆனால் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. அக்காவும் நானும் பேசுகிறோம், மழையைப் பற்றி, குழந்தையின் பல்லைப் பற்றி. அந்த நாளைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்று கேள்விப்பட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பொழியூருக்கு வண்டியை விரட்டினேன். அவள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சிரித்தாள்.

“காய்ச்சலாக்கும் டீச்சர். திங்களாழ்ச்ச போவேன். இதுக்குப் போய் இப்பிடி ஓடி வாறியளே!”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்தான்.