'இன்' என்றால் இல்லை

என் வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஃபோர்மேன் ஆக ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஆமத்தூரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற நான் அவருக்கும் டீச்சர் ஆனேன்.

நீளமான வார்த்தையைக் கண்டாலே பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதனால் கைதட்டி அசை பிரிக்கச் சொன்னேன். பிறகு முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது, பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பிய்த்துப் பார்க்கச் சொன்னேன். "முன்னால 'இன்' வந்தா இல்லைன்னு அர்த்தம். இன்கரெக்ட்னா சரியில்லை. இன்விசிபிள்னா கண்ணுக்குத் தெரியாது." எனக்குக் கொஞ்சம் பெருமைதான். டியூஷன் பிள்ளைகள் ஒருவரும் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "ஃப்ளேமபிள்னா என்ன?" என்றார்.

"தீப்பிடிக்கிறது" என்றேன், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"அப்பச் சரி. புதுசா வந்த கெமிக்கல் ட்ரம்முல இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கு. வெயில்ல கிடந்தாலும் பாதகமில்ல."

வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

பாதித் தோசை தின்ற பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. எதற்கும் இருக்கட்டும் என்று அகராதியை எடுத்தேன். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்: எளிதில் தீப்பற்றும். இந்த 'இன்' வேறு 'இன்'னாம். பாழாய்ப்போன மொழி! கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வாசலுக்கு ஓடிப்போய் சிவகாசித் திசையில் புகை தெரிகிறதா என்று பார்த்தேன்.

ஒருவழியாக வாட்ச்மேன் எடுத்து, அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"என்னங்க, எங்க இருக்கீக? அந்த ட்ரம்மு தீப்பிடிக்குங்க! நான் சொல்லிக்குடுத்தது தப்பு!"

"நான் இன்னும் உள்ளயே போகலையே" என்றவர் குரல் மாறியது. "அய்யய்யோ, முன்னால உள்ள போனவுக எல்லாருக்கும் வேன்ல சொல்லிட்டேனே. எம்பொண்டாட்டி டீச்சரு, அவ சொன்னான்னு."

அதற்குள் ஓடும் செருப்புச் சத்தம். "என்னாச்சும்மா?" என்று வாட்ச்மேன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். மூச்சு இரைத்தது. "வெயிலுக்கு உருட்டிக்கிட்டு இருந்தாக. சத்தம் போட்டு நிப்பாட்டிட்டேன். நிழலுக்கு மாத்தியாச்சு."

சாயங்காலம் வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் கழுவிவிட்டு, என்னிடம் படித்ததை எழுதிவைத்த நோட்டை எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

"மத்ததெல்லாம் சரிதானே?"

அகராதியை எடுத்துவந்து, நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.