இந்த இடத்தில் பெரியசாமி பேசுவார்

போன வாரம் இளைய மகளின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்க மாத்தளைக்குப் போயிருந்தேன். பிரதேச செயலகத்துக்கு எதிரே ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு சூட்டு வாசனை உண்டு. இஸ்திரிப் பெட்டியை வெள்ளைச் சட்டையின் மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். கடைக்காரப் பையனின் ரேடியோவில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உரம், பஸ், ஆஸ்பத்திரி என்று போய்க்கொண்டிருந்த குரல், "கலைஞர்களின் நலனுக்காக" என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் வீதி திருத்தத்துக்குப் போய்விட்டது.

"அண்ணே, போதுமா, இன்னொண்ணு எடுக்கவா?" என்று கேட்டான் பையன். போதும் என்று சொன்னேன். ஆனால் நகரவில்லை. கையில் இருந்த தாளின் சூடு என்னை வேறொரு நாளுக்குக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கும் இதே மாதிரி ஒரு மெஷின் முன்னால் நின்றேன். அன்றைக்குக் கையில் இருந்தது ஒரு நாடகம்.

பிள்ளைகளே, இதை வாசிக்கிற உங்களுக்குப் பெரியசாமி அண்ணனைத் தெரியாது. அவர் படம் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். வேலைக்கு வருகிறவர்களின் பேர் எழுதும் செக்ரோலில் அவர் பேரும் சில வருடம் இருந்தது. பிறகு அதை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, நாடகம் என்று எங்கே கூட்டம் கூடினாலும் மைக்கைப் பிடித்து ஆட்களைச் சிரிக்க வைப்பார். அதுதான் தொழில், அதில்தான் சோறு. அவர் மனைவி சரோஜா அண்ணியிடம் யாராவது, "ஒங்க வீட்டுக்காரரு என்னா வேலை பாக்குறாரு?" என்று கேட்டால், "பேசுறாரு" என்பார். கேட்டவர்கள் அதற்கே சிரித்துவிடுவார்கள். அண்ணி சிரிக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

நான் அப்போது உக்குவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவன் தினமும் எடையோடு மல்லுக்கட்டினேன் என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வந்த ஒரே வித்தை கையெழுத்து. முத்து முத்தாக எழுதுவேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடைக்கு எதிரே நிஸ்தார் நானாவின் தையல் கடை. பகலில் காற்சட்டை தைப்பார், பொழுது சாய்ந்ததும் நாடகம் எழுதுவார். ஏழு பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு அந்தக் கடைதான் ஒத்திகை மண்டபம். புதுத் துணியின் கஞ்சி வாசனைக்கு நடுவில் வசனம் பேசிப் பேசி, இன்றைக்கும் இடுப்பில் கட்டப் புதுச் சாரத்தைப் பிரித்தால் எனக்கு ஏதோ வசனம் மறந்துபோன மாதிரி நெஞ்சு திக்கென்கிறது.

நானாவின் நாடகக் கொப்பியில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோருடைய வசனமும் எழுதியிருக்கும். பெரியசாமி அண்ணன் பபூனாக வருகிற இடத்தில் மட்டும், 'இந்த இடத்தில் பெரியசாமி பேசுவார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கும். சோம்பலால் விட்டது இல்லை. அண்ணன் என்ன பேசுவார் என்று அண்ணனுக்கே தெரியாது. நாடகம் தொடங்குவதற்கு முன்னால் ஊருக்குள் ஒரு சுற்றுப் போவார். தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ, கோயில் வாசலில் இரண்டு பேச்சு, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் ஒரு விசாரிப்பு. யார் வீட்டுக் கோழி காணாமல் போனது, எந்தக் கங்காணிக்குப் புதுப் பல் கட்டியிருக்கிறது, எல்லாம் காதுக்கு வந்துவிடும். மேடையில் ஏறினால் அதுதான் நாடகம்.

ஒருமுறை ஒரு தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று வாரமாக யாரும் திருத்தவில்லை. அண்ணன் மேடையில் ஒரு குழாயை நட்டு, அதைத் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையாக்கி, முன்னால் கைகட்டி நின்று மனுக் கொடுத்தார். முதல் வரிசையில் இருந்த தொரையே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் குழாய் சரியானது. ஒரு மனுவுக்கும் அசையாதவர்கள் அதற்கு அசைந்தார்கள்.

உங்கள் வயதில் இதெல்லாம் விளங்குமோ தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். நம் நாட்டில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் முன்னால் நாடகம் போடுவதென்றால் முழுப் பிரதியையும் கொழும்புக்கு அனுப்பி, அங்கே வாசித்துப் பார்த்து அனுமதி தர வேண்டும். எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. தோட்டத்துக் கோயில் முற்றத்தில் போடுகிற நாடகத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

என் மூத்த மகள் பிறப்பதற்கு முந்தின வருடம், அரசாங்கம் பட்ஜெட்டில் கலைக்கென்று ஒதுக்கியதில் நாடகக் குழுக்களுக்கு உதவி கிடைக்கும், நகர மண்டபத்தையும் இலவசமாகத் தருவார்கள் என்று செய்தி வந்தது. ஒரே நிபந்தனை, அனுமதி பெற்ற நாடகமாக இருக்க வேண்டும். நானா தயங்கினார். "சட்டம் இரிக்கி தம்பி, இல்லேங்கல்ல. அது நம்மளத் தேடி வராத மட்டும் நாம தேடிப் போவணுமா?" என்றார்.

நான்தான் விடவில்லை. "எத்தனை நாளைக்கு நானா முற்றத்திலேயே ஆடுறது? மண்டபத்துல, லைட்டுல, நாலு பேரு மதிக்கிற மாதிரி ஒரு தரம் ஆடுவோம்" என்றேன். பெரியசாமி அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "தம்பி ஆசைப்படுது. ஒரு தரம்தானே" என்றார். அந்த ஆசை என்னுடையது. பிள்ளைகளே, அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் அளவில் ஒரு துண்டுக் காணி கிடைக்கும் என்று காத்திருக்கிற ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகம் அது. நான் நல்ல தாளில் பிரதி எடுத்து, போட்டோகொப்பி பிடித்து, பிரதேச செயலகத்தில் கலாசாரப் பகுதி மிஸ் மூலமாக அனுப்பிவைத்தேன். மிஸ் நல்லவர். தமிழ் கொஞ்சம்தான் வரும், சிரித்த முகம். ஒன்றரை மாதத்தில் அவரே எனக்குத் தகவல் அனுப்பினார். இரண்டு இடத்தில் அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது, அங்கே பேசப்போவதை எழுதி அனுப்பினால்தான் அனுமதி.

நானும் அண்ணனும் ஒரு ஞாயிறு காலையில் தையல் கடையில் உட்கார்ந்தோம். பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"என்னாத்த சொல்றது?"

"அங்க பேசப் போறத."

"அங்க போனாத்தானே தம்பி தெரியும்."

"சும்மா ஏதாவது சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். தையல் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரப் பாத்துப் பேசுறது? ஒன் பேனாவயா? அது சிரிக்கவும் மாட்டேங்குது, மொறைக்கவும் மாட்டேங்குது" என்று உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் இருந்தோம். ஒரு வரி வரவில்லை. கடைசியில் நானே எழுதினேன். நான்கு பக்கம். வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "எழுத்து அழகா இருக்கு தம்பி" என்றார்.

அனுமதி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. கணக்கில் வராத பாஸ் அன்றைக்கு வந்த மாதிரி அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு உக்குவளைக் கடைத்தெரு முழுக்கத் திரிந்தேன். நான் வாசிக்க வாசிக்கக் கேட்டு, அண்ணன் இரண்டு வாரம் என் வசனத்தை மனப்பாடம் செய்தார். நான் ஆணி நிறுக்கும்போது வாசலில் நின்று ஒப்பிப்பார். ஒரு சொல் மாறினால் நான் திருத்துவேன். திருத்தினேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நாடகம் ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. எல்கடுவயிலிருந்து இரண்டு லொறியில் சனம் வந்து இறங்கியது. அதில் ஒன்று வழியில் பழுதாகி, பாதிப்பேர் கோயில் உடுப்போடு நடந்து வந்திருந்தார்கள். பெரியசாமி அண்ணன் வழக்கம்போல அவர்களுக்குள் புகுந்து சுற்றிவிட்டு வந்தார். முகம் பளபளவென்று இருந்தது. "தம்பி, லொறிக்காரன் கத ஒண்ணு கெடச்சிருக்கு" என்று மட்டும் என் காதில் சொன்னார். உதவி கொடுக்கிறவர்களின் சார்பில் முதல் வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் பிரதி. எழுதினபடி ஆடுகிறோமா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விரலை வரியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார், பாவம்.

அண்ணன் மேடைக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசும் முன்பே கைதட்டினார்கள். முதல் வரியைச் சொன்னார். மண்டபம் காத்திருந்தது. இரண்டாவது வரி. பின்வரிசையில் ஒரு பாட்டா, "பெரியசாமிக்கு என்னா, காய்ச்சலா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அதற்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அண்ணன் நிறுத்திவிட்டு ஓரத்தில் பிரதியோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். எடுத்து விடவா என்று கண்ணாலேயே கேட்டார். லொறிக்காரன் கதை அவர் உதட்டில் நின்றது.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

மிச்சத்தையும் ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. முடிந்ததும் அந்த முதல் வரிசை மனிதர் எங்களிடம் வந்து, எல்லாம் எழுதினபடியே இருந்தது, சந்தோஷம் என்று கைகொடுத்தார். நானா கை கொடுக்காமல் திரைச்சீலையை மடிக்கப் போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் துக்கமாகப் போயிருக்கும். ஆனால் நாங்கள் அனுமதி வாங்கின செய்தி தோட்டம் தோட்டமாகப் போனது. அடுத்த திருவிழாவுக்கு அண்ணனைக் கூப்பிட்ட கோயில்காரர்களிடம் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில், "நாடகத்துக்கும் கடிதம் இருக்கா?" என்று கேட்டார்களாம். கோயில்காரர்கள் அண்ணனிடம் வந்து, "டவுனுக்கு ஆடுறப்ப வாங்கினீங்கள்ல, நமக்கும் வாங்கிக் குடுங்க" என்றார்கள். ஒவ்வொரு ஊருக்கும் பேச்சை எழுதிக் கொழும்புக்கு அனுப்ப யாரால் முடியும்? ஒரு ஊர் விட்டது, அடுத்த ஊர் விட்டது. பிறகு பாட்டுக்குழுவைக் கூப்பிடுவது சுலபம் என்று ஆகிவிட்டது. அண்ணன் கலேவெலச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கினார். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்லது.

பல வருடம் கழித்து, முதிய கலைஞர்களுக்கு மாதாந்த உதவி என்று அறிவித்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கலாசாரப் பகுதியில் அப்போது வேறொரு மிஸ் இருந்தார். மேடையேறிய நாடகங்கள், அவற்றின் அனுமதி இலக்கம் என்று படிவத்தில் நீளமாக இடம் விட்டிருந்தது. எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது.

"ஐயா, ஒண்ணு மட்டும் போதாது. வேற இருந்தா கொண்டு வாங்க" என்றார் மிஸ்.

"இருக்கு மிஸ். எல்லாம் சனங்ககிட்ட இருக்கு" என்றார் அண்ணன். "போயி ஒவ்வொருத்தரா கேட்டு வாங்கணும்." மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. வெளியே வந்து ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம். அவர் சந்தைக் கதை ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என் காதில் விழவில்லை.

கொரோனாவுக்கு அடுத்த வருடம் அண்ணன் போய்விட்டார். நிஸ்தார் நானா கடையை மகனுக்கு விட்டுவிட்டார், கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது. அந்தச் சட்டத்தைத் திருத்தப்போவதாக அவ்வப்போது சொல்கிறார்கள். திருத்தட்டும். யாராவது ஒருத்தருக்கு உதவும்.

போன வாரம் பிரதியோடு வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது இளைய மகள், "அவரு என்னா சொல்லி அப்பா சிரிக்க வைப்பாரு? ஒண்ணு சொல்லுங்க" என்றாள். குழாய் முன்னால் அவர் கைகட்டி நின்றது எனக்குத் தெரிகிறது. தொரை கண்ணைத் துடைத்தது தெரிகிறது. ஆனால் அந்த வாயிலிருந்து என்ன வந்தது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எத்தனை மேடை, எத்தனை வருடம், ஒரு வரி கிடைக்கவில்லை. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்: "பெருமதிப்புக்குரிய சபையோரே, நானும் ஒரு வீடு கட்டியிருக்கிறேன். கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, வீடு மட்டும்தான் இல்லை."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கா சிரிச்சாங்க?"

"இல்லம்மா. இது அப்பா எழுதினது."

"அப்ப அவரு பேசுனத சொல்லுங்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.