கொதிக்காத மண்

ஆவியக்கா என்ற பட்டப்பெயர் அவளுக்கு மின்நிலையத்தில் ஒட்டிக்கொண்டது. பூமிக்குள் இரண்டு கிலோமீட்டர் துளையிட்டு, அங்கே கொதிக்கும் நீரின் ஆவியை மேலே இழுத்து மின்சாரம் எடுக்கிற இடம் அது. வருடக்கணக்காக அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டியதில் இடது காது மந்தமாகிவிட, வேலையை விட்டுத் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் சும்மா இருக்கிற ரகமில்லை.

தங்கையும் அவள் கணவரும் அந்த வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். பனி கொட்டும் அந்த ஊர்க் குளிர்காலத்தில் அந்தத் தரையில் ஒரு பிள்ளையும் கால் வைக்காது. பொம்மைகளோடு மேஜைமேல் ஏறிக்கொள்ளும். பழைய எண்ணெய்க் கொதிகலன் சூட்டைவிடப் புகையைத்தான் தாராளமாகத் தந்தது.

"தோட்டத்து மண்ணுலேருந்தே சூடு எடுத்துத் தரைக்கு அனுப்பலாம்" என்றாள் ஆவியக்கா.

தங்கை கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அண்ணி, பிள்ளைங்க காலுக்குக் கீழ கொதிக்கிற தண்ணியா?"

"அது வேற, இது வேற மாப்பிள்ளை. அங்க பூமியோட அடிவயித்துச் சூடு. இது ஆள் உயர ஆழத்துல இருக்கற மண்ணு. கொதிக்காது. வெயில் காலத்துல வாங்கின வெதுவெதுப்ப வெச்சிருக்கும், அவ்வளவுதான். குழாய்ல ஓடற, உறையாம இருக்க மருந்து கலந்த தண்ணி அத வாங்கிட்டு வரும், கரண்டுல ஓடற பம்பு அந்தச் சூட்ட ஏத்திக் குடுக்கும். உங்க ஃப்ரிட்ஜ் பின்னாடி கை வெச்சுப் பாருங்க, அதே வேலைதான்."

அவர் நிஜமாகவே போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

பாதித் தோட்டத்தைத் தோண்டியும் காப்பகத் தரைக்கு அடியிலும் குழாய் பதித்தார்கள். பிள்ளைகள் மேஜையைவிட்டு இறங்கின. ஆனால் குளிர் உச்சிக்கு வந்த வாரம் பம்பு மூச்சிரைக்க ஓடியும் தரை ஜில்லிட்டது. ஆவியக்கா ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தாள். குழாயைச் சுற்றி மண் கல்லாக உறைந்திருந்தது. மின்நிலையத்தின் பெரிய ஆவிக் கிணறுகளோடு பழகிய மெத்தனத்தில், இந்தச் சின்னத் துண்டு நிலத்திடம் தாங்க முடியாத அளவு சூட்டைக் கேட்டுவிட்டாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"பழைய கொதிகலனையே மூட்டிடலாமே அண்ணி" என்றார் அவர், பக்குவமாக.

"இப்போதைக்கு மூட்டுங்க. பிள்ளைங்க நடுங்கக் கூடாது. ஆனா மண்ணு மேல தப்பில்ல, தப்புக் கணக்கு போட்டது நான். மீதித் தோட்டத்தையும் தோண்டணும்."

"இந்தக் குளிர்லயா!"

மண் அள்ளும் எந்திரக்காரர், மேல்மண் இளகினால்தான் வருவேன் என்று கையை விரித்துவிட்டார். மறுநாள் காலை அவள் கடப்பாரையோடு இறங்கினாள். உறைந்த மேல்தோல் ஒரு சாண்தான். அதற்கே தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. மதியம் தங்கை மண்வெட்டியோடு வந்தாள். சாயங்காலம் அவள் கணவரும், "இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுத்ததுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று முணுமுணுத்தபடியே இறங்கினார். அந்த வார இறுதிக்குள் மேல்தோலைப் பெயர்த்துவிட்டார்கள். பெயர்த்ததைக் கேள்விப்பட்ட எந்திரக்காரர், வெட்கப்பட்டோ என்னவோ, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

இரு மடங்குக் குழாயோடு பம்பு மறுபடி ஓடியது. தரை ஒரேயடியாகச் சூடாகவில்லை. மெல்ல மெல்ல ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. குளிர் முடியும்வரை இறங்கவே இல்லை. பிள்ளைகள் மதியத் தூக்கத்துக்குத் தரையிலேயே உருண்டன.

எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பாதத்தை எடுக்கவே மனம் வரவில்லை. "எனக்கும் இப்படிப் போட்டுத் தருவீங்களா?"

"முதல்ல உங்க இடம் எவ்வளவுன்னு காட்டுங்க" என்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் தெருவில் இறங்கினாள் ஆவியக்கா.