இறக்கத்தில் நியூட்ரல்

ரெட்டியார்பாளையம் சிக்னலில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்ற லாரி டீசல் புகையைக் கக்கியது. எனக்கு டீசல் வாடையடிக்கும் அப்பாவின் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

அப்பா லாரி ஓட்டினார். டீசல் மிச்சமாகும் என்று, மலை இறக்கத்தில் வண்டியைக் கியர் போடாமல் நியூட்ரலில் விடச் சொல்வார் முதலாளி. மறுத்தால் வேலை போய்விடும். ஒருநாள் அப்படி இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் லாரி பாறையில் மோதியது. அப்பாவின் வலது கால் போயிற்று.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஆப்பிளோடு வந்த முதலாளி, "கியர்லயே எறக்கியிருக்கலாமேப்பா" என்றார்.

அம்மா ஆப்பிள் பையைத் தெருவில் வீசினாள். "நீ சொல்லித்தான்யா அவரு நியூட்ரல்ல வுட்டாரு! வெளிய போ!"

"மொதலாளிய அப்படிப் பேசாதடி" என்று அப்பா கெஞ்சினார்.

கால் போன பிறகும் அவருக்கு முதலாளியிடம் இருந்த பயம் போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அந்த லாரி கண்ணை விட்டு மறையும்வரை நான் ஆக்சிலரேட்டரைத் திருகவில்லை.