அப்பாவின் பெயரைத் தெருவில் கூப்பிட்டவர்

போன கிழமை புது வீட்டின் சாவியைத் தந்த பெண், "வாசல் மணிக்குப் பக்கத்தில் என்ன பெயர் போட?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். நானோ கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், சொந்தப் பெயரைச் சொல்லத் தயங்கி நின்றதைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ. ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் நான் வளர்ந்த வீட்டின் மணிப்பலகையில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அப்பா அங்கே வசிக்கவேயில்லை என்பதுபோல.

அப்பா ஈரானியர். அம்மாவுக்கு ஊர் யாழ்ப்பாணம். இருவரும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். காதல் எப்படி வந்தது என்று கேட்டால் அம்மா, "ரெண்டு பேருக்கும் டொச் தெரியாது, அதால சண்டை வரேல்லை" என்பார். டொச் என்றால் இங்கத்தைய ஜெர்மன் மொழி. அப்பா அம்மாவிடம் தமிழ் பழகினார். விளங்காத எதற்கும் "ஓம் ஓம்" என்று தலையாட்டியே எங்கள் சொந்தக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டார்.

இப்போதும் இஸ்திரி போட்ட சூடான துணியின் மணம் வந்தால் அவருடைய மேலங்கி நினைவுக்கு வரும். அந்த மணத்தோடு வீட்டுக்குள் வருவார், சப்பாத்தைக் கழற்றாமலே யன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை விரலகலம் விலக்கித் தெருவைப் பார்ப்பார். ஒரே வழியால் இரண்டு நாள் தொடர்ந்து வரமாட்டார். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பள்ளித் தோழியின் அப்பா நேரே வந்து நாற்காலியில் விழுந்ததைப் பார்த்தபோது, பாவம், கவனமில்லாத மனிதர் என்று எனக்குப் பட்டது.

அவர் தன் நாட்டில் சிறையில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியாத வயது அது. ஒருநாள் பாசல் நகரில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் ட்ராமுக்கு நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "பெஹ்ரூஸ்!" என்றது. அப்பாவை அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; அது அவருடைய பெயர் என்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் என் விரல்களைப் பிடித்திருந்த அவருடைய கை இறுகியது.

"அப்பா, உங்களையோ கூப்பிடுறார்?" என்று தமிழில் உரக்கக் கேட்டேன்.

"கதையாதே. வா."

வந்து நின்ற முதல் ட்ராமில் ஏறினோம். அது ரயில் நிலையத்துக்குப் போகிற ட்ராம் அல்ல. அப்பாவின் உதடு வெள்ளையாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அந்த மனிதர் கையை உயர்த்தியபடி ஓடி வந்தார். பயம் தொற்றும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எதற்கென்று தெரியாமலே நானும் இருக்கையில் குனிந்துகொண்டேன்.

அதன்பின் வந்த ஞாயிறு, அம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஞாயிறில் எங்களிடம் சொல்லாமல் யாரும் வருவதில்லை. அம்மா அடுப்பை அணைத்தார். நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். கதவுக்கு வெளியே பாரசீக மொழியில் அதே குரல்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. நான் கதைக்கிறன்," என்றார் அம்மா, கையில் அகப்பையோடு.

அப்பா போகவில்லை. வெளியே அந்தக் குரல் "காவே, காவே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அப்பா சுவரோடு சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"தம்பியைக் கேக்கிறான். தன்ர தம்பியை. தாய் இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறாவாம்."

அப்பா எழுந்து தானே கதவைத் திறந்தார். வந்தவரின் சப்பாத்துகள் உள்ளே வருவதை மேசைக்குக் கீழிருந்து நான் பார்த்தேன்.

காவே சிறையில் அப்பாவோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவன்; தம்பியைப் பார்க்கப் போன நாள்களில் வந்தவர் அப்பாவையும் கண்டிருக்கிறார். ஒருநாள் காலை கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. வீட்டாருக்கு உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. அப்பா சொல்லச் சொல்ல, வந்தவர் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். போகும்போது அவர் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டார்.

நல்லவர்தானே, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அப்பா வேறுவிதமாக யோசித்தார். வந்தவர் எப்படி எங்களைக் கண்டுபிடித்தார்? தமிழரோடு உணவகத்தில் வேலை செய்தவராம். தெருவில் நான் உரக்கப் பேசிய தமிழை அடையாளம் கண்டு ஒரு தமிழ்க் கடையில் விசாரித்திருக்கிறார். நம் ஆட்கள் "ஈரான்காரரோ? ஓம், தெரியும்" என்று வீடு வரைக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்.

"இவன் வந்தான் எண்டால் என்னைச் சிறையில போட்டவங்களும் வருவாங்கள்," என்றார் அப்பா. இரண்டு மாதத்தில் வீடு மாறினோம். அதன்பின் தெருவில் அவர் என்னோடு தமிழ் பேசவில்லை. மகளும் தகப்பனும் ஊமைகளாக நடந்தோம்.

யாரும் வரவில்லை. முப்பது வருடம் அவர் பயந்தது நடக்கவேயில்லை. ஆனால் கடைசி நோயில் டொச் முதலில் போயிற்று, பிறகு தமிழ். பாரசீகம் மட்டும் மிஞ்சியது. எங்களைக் காப்பாற்றுவதற்காக எனக்குச் சொல்லித்தராமல் விட்ட மொழி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்து அவசரமாக எதையோ கேட்பார். கேள்வி என்று தொனியில் தெரியும், அவ்வளவுதான். நான் "ஓம் ஓம்" என்று தலையாட்டுவேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மறுபடியும் கேட்பார். அவரோடு அந்தக் கேள்வியும் போய்விட்டது.